சாமை ஒரு பிடி

ஆனி முடிய மூன்று நாள் இருக்கையில்
குப்பனூர்ச் சரிவில் வெட்டிய அழிஞ்சிக் குச்சிகள்.
தோலைச் சீவியது நான்.
கூர் எடுத்தது நாத்தனார் நல்லாயி.
பூசிய மஞ்சள் இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது.
"குச்சிக்குமா லக்கேஜ்?" என்று
கண்டக்டரிடம் கத்தி, அரை டிக்கெட்டில் முடிந்தது.

சின்னக்கடை வீதியில் சாக்கை விரித்தால்
சேலம் தானாக வந்து நிற்கும்.
முழ நீளம் போதும் என்பவர் காஸ் அடுப்பில் சுடுகிறவர்.
கை நீளம் கேட்பவர் தெருவில் தீ மூட்டுகிறவர்.
அம்மாபேட்டைத் தறிக்காரர் ஒருவர்
ஒவ்வொன்றாய் வளைத்துப் பார்ப்பார்,
பாவு நூலைச் சோதிக்கிற மாதிரி.
"இது எதுக்குங்க?" என்று கேட்டால்
மதுரையிலிருந்தோ மெட்ராஸிலிருந்தோ
மாற்றலாகி வந்தவர்.
அடுத்த வருஷம் கேட்கமாட்டார்.
நாலு வாங்குவார்.

அன்று வெயில் சாய்ந்த பிறகு இரண்டு பேர்.
ஒரே காம்பவுண்டாம், ஒரே ஆட்டோ.
தேங்காய்க்குள் எள்ளு போடணும் என்கிறாள் எடப்பாடிக்காரி.
எள்ளு போட்டால் அது திவசம் என்கிறாள் ஆத்தூர்க்காரி.
பாசிப்பருப்பு வறுத்ததா ஊறியதா,
வெல்லமா நாட்டுச்சர்க்கரையா,
தேங்காய்த்தண்ணியை எவ்வளவு விட்டுவைப்பது.
பாரதப்போர் தொடங்கிய நாளாம் ஆடி ஒண்ணு.
என் சாக்கின் முன்னால் அது
இன்னும் முடிந்தபாடில்லை.

கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள்.
"நீயே சொல்லும்மா. உங்க ஊர்ல என்ன போடுவீங்க?"

எங்கள் ஊரில் தேங்காய் காய்ப்பதில்லை.
காப்பி, மிளகு, ஆரஞ்சு, பனி.
தேங்காய் ஒரு பஸ்ஸில் மேலே போகும்,
குச்சி ஒரு பஸ்ஸில் கீழே வரும்,
ஏதோ ஒரு வளைவில்
முகம் பார்க்காமல் கடந்துவிடும்.
ஆடி ஒண்ணு எங்களுக்கு
ஒரு புதன்கிழமை, இல்லையென்றால் வியாழன்.
எங்கள் சாமிக்கு வேறு மாதம், வேறு சோறு.

இதைச் சொன்னால் குச்சி மேல் நம்பிக்கை போய்விடும்.
"சாமைங்க," என்றேன்.
"ஊற வெச்ச சாமை, ஒரு பிடி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
எள்ளை அங்கேயே விட்டுவிட்டு
ஆளுக்கு ரெண்டு குச்சி, பேரமே இல்லை.
போன ஆட்டோ திரும்பி வந்தது.
எடப்பாடிக்காரி ஒரு தேங்காயைக் கையில் திணித்தாள்:
"வெறுங்கையோட மலை ஏறாதே."

கடைசி பஸ். மடியில் தேங்காய்.
சொன்ன பொய்யைச் செய்தாவது பார்க்கணுமே.
காப்பிக் கவாத்துச் சுள்ளியில் நல்லாயி தீ மூட்டினாள்.
பதினோரு வருஷமாய் விற்கிறேன்,
குச்சியை நெருப்பில் எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை.
கிட்டே பிடித்ததில் ஓடு படார் என்றது.
வீட்டுக்காரர் பாயிலிருந்து எழுந்து
"எவன்டா வெடி போட்டது?" என்றார்.
சாமை பாதிதான் வெந்திருந்தது.
வெல்லம் ஒரு பக்கமாய் உருகி நின்றது.
சின்னவன் ஓட்டை நக்கிவிட்டு
இன்னொண்ணு இல்லையா என்றான்.

மூன்றாம் வருஷம்,
நான் கட்டை அவிழ்க்கும் முன்பே
ஆத்தூர்க்காரி, கூட ஆறு பேர்.
"மலைச்சாமை கொண்டாந்தியா?
எங்க தெருவுல அதுதான் போடறது.
பரம்பரையா."

கொண்டுவந்திருந்தேன்.
உழக்கு நாற்பது ரூபாய்.

இப்போது நாகலூரில் எங்கள் வரிசையில்
நாலு வீட்டில் தேங்காய் சுடுகிறோம்.
நல்லாயி எள்ளும் போடணும் என்கிறாள்.
எங்க பழக்கத்தில் எள்ளு கிடையாது என்று
நான் அவளோடு
மூன்று நாளாய்ப் பேசவில்லை.